வரிசை வீட்டுக் கொல்லையில் கருங்கல் தளம்: ஒரு நிகழ்வு ஆய்வு

சிங்கப்பூரில் ஒரு பழைய வரிசை வீட்டின் கொல்லைப்புறத்தில் நடந்த வேலை இது. குடும்பத்தாரிடம் சொல்லிவிட்டு, பெயரும் இடமும் விட்டு எழுதுகிறேன். வடிவமைப்பும் மேற்பார்வையும் என்னுடையவை. பின்னால் வரும் இரண்டு தவறுகளும் என்னுடையவைதான். அவற்றை மறைத்தால் இதை எழுதுவதில் பயன் இல்லை.

பின்னணி

வீட்டில் ஐந்து பேர்: 76 வயதுத் தாயார், மகன், மருமகள், பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள். கொல்லை 5.4 மீட்டர் அகலம், 3.2 மீட்டர் ஆழம். 17 சதுர மீட்டருக்குச் சற்று மேல். இரண்டு பக்கமும் அண்டை வீட்டுச் சுவர்கள். பின்சுவரோரம் மழைநீர் வடிகால்.

இடம் சின்னதுதான், ஆனால் வீட்டிலேயே அதிகம் புழங்கும் இடம் அது. மீன் கழுவுவது, துணி காயவைப்பது, தேங்காய் உடைப்பது எல்லாம் அங்கேதான். ஒரு மூலையில் துளசி, இடது சுவரோரம் ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்த கறிவேப்பிலை மரம். ஆண்டுதோறும் பொங்கல் பானை ஏறுவதும் அங்கேதான்.

முன்பு யாரோ சிமென்ட் தளம் போட்டு, மேலே பளபளப்பான டைல்ஸ் ஒட்டியிருந்தார்கள். முந்தைய ஆண்டு மழை விட்ட ஒரு காலையில் தாயார் அதில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. அதன் பிறகு அவர் கொல்லைக்குப் போவதையே குடும்பம் தடுத்துவிட்டது. மகன் என்னை அழைத்தது அக்டோபர் நடுவில். அவர் கேட்டவை இரண்டு: வழுக்காத கல், பொங்கலுக்குள் வேலை முடிய வேண்டும்.

முதல் நாள் கண்டவை

டேப்பும் மட்டக்குழாயும் எடுத்துக்கொண்டு போனேன். நான் அளக்கத் தொடங்கும் முன்பே தாயார் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து பின்சுவரோரம் ஊற்றினார். தண்ணீர் மெதுவாக வீட்டை நோக்கி ஓடிவந்து சமையலறை வாசற்படியின் அடியில் தேங்கியது.

“பாத்தீங்களா தம்பி, மழை பேஞ்சா இப்படித்தான். எங்க ஊர்ல முத்தம் போடுறப்ப முதல்ல தண்ணிய ஊத்தித்தான் பாப்பாங்க.”

அளந்தபோது அவர் சொன்னது சரியாக வந்தது. வீட்டுப் பக்கம் தளம் வாசற்படிக்கு 4 சென்டிமீட்டர் கீழே, பின்சுவர்ப் பக்கம் 2 சென்டிமீட்டர் மட்டுமே கீழே. அதாவது தளத்தின் சரிவு, எங்கள் பேச்சில் வாட்டம், வடிகாலை விட்டு வீட்டுப் பக்கம் திரும்பியிருந்தது. வழுக்கியது டைல்ஸால் மட்டும் இல்லை, தண்ணீர் போக வழியில்லாமல் நின்றதால் பாசி பிடித்ததும் ஒரு காரணம். இது தெரியாமல் மேலே நல்ல கல்லை ஒட்டியிருந்தால், கல்லிலும் அதே பாசிதான் பிடித்திருக்கும்.

இன்னும் மூன்று விஷயங்கள் தெரிந்தன.

பின்பக்கக் கூரையின் மழைநீர்க் குழாய் நேராகத் தளத்தின் மேல் கொட்டிக்கொண்டிருந்தது. இங்கே ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது, அதுவும் சாரலாகப் பெய்வது குறைவு. ஒரு மணி நேரத்தில் 50 மில்லிமீட்டர் கொட்டினால் இந்தச் சிறிய கொல்லையில் விழுவது மட்டும் 860 லிட்டர். கூரைத் தண்ணீர் அதோடு சேர்ந்தால் இரண்டு மடங்குக்கு மேல் போகும்.

கழிவுநீர்க் குழாயின் மேன்ஹோல் மூடியைக் காணவில்லை. இங்குள்ள பழைய வரிசை வீடுகள் பலவற்றில் கழிவுநீர்க் குழாய் கொல்லை வழியாகத்தான் போகும். வரைபடம் வாங்கிப் பார்த்த பிறகு, மூடி டைல்ஸுக்கு அடியில் புதைந்திருப்பது தெரிந்தது. அடைப்பு வந்தால் திறக்கவே முடியாத நிலை.

கடைசியாக மண். ஒரு மூலையில் தளத்தை உடைத்து 30 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குழி தோண்டித் தண்ணீர் நிரப்பிவிட்டுப் போனேன். மறுநாள் காலை வெறும் 8 சென்டிமீட்டர்தான் குறைந்திருந்தது. சிவந்த களிமண் தண்ணீரைக் குடிக்கவில்லை. இந்த ஒரு குழிதான் பிறகு எடுத்த பெரும்பாலான முடிவுகளைத் தீர்மானித்தது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

எந்தக் கல் என்பதுதான் வீட்டில் அதிகம் பேசப்பட்டது. மகனுக்குக் கறுப்புக் கடப்பா கல் மேல் ஆசை. மருமகள் ராஜஸ்தான் மணற்கல்லின் பழுப்பு நிறத்தை விரும்பினார். நான் மூன்று மாதிரிக் கற்களைக் கொண்டுபோய்ச் சமையலறை மேடையில் வைத்து, ஒவ்வொன்றிலும் எலுமிச்சைச் சாறு நாலு சொட்டு விட்டேன். கால் மணி நேரம் கழித்துத் துடைத்தபோது கடப்பா கல்லில் மட்டும் மங்கிய தடம் விழுந்திருந்தது. கடப்பா சுண்ணாம்புக்கல் வகை, அமிலம் பட்டால் அரிக்கும். எலுமிச்சையும் புளியும் போட்டு மீன் கழுவும் இடத்தில் அது சில மாதங்களிலேயே திட்டுத்திட்டாக வெளுத்துப்போகும். கறுப்புக் கல் நடுப்பகலில் வெறுங்காலைச் சுடும் என்பது இன்னொரு கணக்கு. மணற்கல் எலுமிச்சையில் தப்பித்தது. ஆனால் சொட்டைச் சட்டென்று உறிஞ்சியது. உறிஞ்சும் கல்லில், இந்த ஈரத்தில், மரநிழலில் பாசி வேகமாகப் பிடிக்கும்.

எஞ்சியது சாம்பல் நிறக் கருங்கல். நம் வீட்டு அம்மியும் ஆட்டுக்கல்லும் செய்யும் அதே இனம். மேல்பக்கம் தீயால் சுட்டுச் சொரசொரப்பாக்கிய கல்லை எடுத்தோம். கல்லின் மேல் கடும் சுவாலையை ஓட்டும்போது உள்ளிருக்கும் குவார்ட்ஸ் மணிகள் விரிந்து, மேல்தோல் பொரிந்து உதிர்கிறது. ஈரத்திலும் கால் பிடிக்கும் பரப்பு அப்படித்தான் கிடைக்கிறது. பிள்ளைகளில் மூத்தவள், “இந்த ஊர்க் கல்லே கிடைக்காதா?” என்று கேட்டாள். நல்ல கேள்வி. 1851-ல் எழுந்த ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கம் சிங்கப்பூரின் புலாவ் உபின் தீவுக் கருங்கல்லால் கட்டப்பட்டது. ஆனால் உபின் குவாரிகள் 1999-லேயே மூடப்பட்டுவிட்டன. அதனால் தமிழ்நாட்டிலிருந்து வந்த கல்லை வாங்கினோம். தாயாருக்கு அதில் ஒரு நிறைவு இருந்தது.

அந்தத் தீ விஷயம் இன்னொரு முடிவுக்கும் காரணம். கல்லின் தோலைப் பொரிய வைப்பது சூடு என்றால், பொங்கல் அடுப்பும் அதையே செய்யும். விறகுத் தீயை நேராகத் தளத்தில் மூட்டினால் கல் வெடிக்கும், சில்லும் தெறிக்கும். ஆகவே துளசிக்கு எதிர்மூலையில் 90 சென்டிமீட்டர் சதுரத்தைக் கல் பதிக்காமல் விட்டோம். அங்கே மணல் பரப்பி மேலே செங்கல் அடுக்கி வைப்பது, பொங்கலன்று அதன் மேல் அடுப்பு. இதற்குச் செலவு எதுவும் இல்லை, வரைபடத்தில் நினைவு வைத்தால் போதும்.

அடுத்தது அடித்தளம். இரண்டு வழிகள் இருந்தன: மீண்டும் கான்கிரீட் போட்டுக் கலவையில் கல் பதிப்பது, அல்லது சல்லிப் படுகை மேல் கலவையில்லாமல் பதிப்பது. கான்கிரீட் அசையாது என்பது அதன் பலம். ஆனால் கலவையில் பதித்த கல்லுக்கு அடியில் ஈரம் நின்றால் சுண்ணாம்பு மேலே வந்து வெள்ளை பூக்கும். பழுது பார்க்க உடைக்கத்தான் வேண்டும். கழிவுநீர்க் குழாய் அடியில் ஓடும் இடத்தில், என்றாவது ஒருநாள் தோண்டத்தான் வேண்டும். கல்லைப் பெயர்த்து மறுபடி வைக்க முடிகிற முறைதான் இங்கே பொருந்தும் என்று நினைத்தேன்.

ஆனால் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே விடும் இடைவெளிகள், அதாவது இணைப்புகள், வழியாக உள்ளே இறங்கும் தண்ணீர் எங்கே போகும்? களிமண் குடிக்காது என்று குழி காட்டிவிட்டது. வெளியேற வழி வைக்காவிட்டால் சல்லிப் படுகை ஒரு தொட்டியாகிவிடும். எனவே தோண்டிய களிமண் பரப்புக்கே வடிகாலை நோக்கி வாட்டம் கொடுப்பது, பின்சுவரோரம் துளையிட்ட குழாய் ஒன்றைப் புதைத்து வடிகாலில் சேர்ப்பது என்று முடிவு செய்தேன். கூரைத் தண்ணீருக்குத் தனியாக மூடிய குழாய், இடது சுவரோரம், அதுவும் வடிகாலுக்கே. மேன்ஹோலில் விட்டால் வேலை சுலபம் என்று ஒருவர் சொன்னார். மழைநீரைக் கழிவுநீர்க் குழாயில் விடுவது இங்கே சட்டப்படி குற்றம். பெருமழையில் அது மலக்குழாயை நிரப்பி யார் வீட்டிலாவது மேலே கொண்டுவந்துவிடும்.

அளவுகள் இவை. களிமண் மேல் நெய்யாத துணி விரிப்பு. அதன் மேல் 20 மில்லிமீட்டர் சல்லி, அழுத்திய பின் 120 மில்லிமீட்டர் கனம். அதற்கு மேல் 35 மில்லிமீட்டர் பொடிச்சல்லி. அங்கே மணல் போட்டால் அது சல்லியின் இடுக்குகளில் இறங்கிக் கல் தாழும் என்பதால்தான் பொடிச்சல்லி. மேலே 30 மில்லிமீட்டர் கருங்கல், இணைப்பு 8 மில்லிமீட்டர். வாட்டம் 60-க்கு 1, அதாவது 3.2 மீட்டரில் 53 மில்லிமீட்டர் இறக்கம். பளபளப்பான டைல்ஸுக்கு இதைவிடக் குறைவு போதும், சொரசொரப்பான கல்லுக்குத் தண்ணீரைத் தள்ள இவ்வளவு தேவை. வாசலில் தளம் 10 சென்டிமீட்டர் கீழே இறங்குவதால், தாயாருக்காக அகலமான ஒரு படியும் கைப்பிடியும்.

வேலை நடந்த வாரங்கள்

நவம்பர் முதல் வாரத்தில் உடைக்கத் தொடங்கினோம். கொல்லைக்கு வேறு வழி கிடையாது. உடைத்த கான்கிரீட்டும் மண்ணுமாக ஏறத்தாழ 10 டன் வீட்டுக் கூடத்தின் வழியாக வாளியிலும் தள்ளுவண்டியிலும் வாசலில் நின்ற லோரிக்குப் போனது. திரும்ப 6 டன் சல்லியும் கல்லும் அதே வழியில் வந்தன. கூடத்தில் பலகை விரித்துத் திரை கட்ட ஒரு நாள் முழுவதும் ஆனது. அந்த ஒரு நாளை மிச்சப்படுத்தாதது நல்லது. கல் அளவை 600-க்கு 300 மில்லிமீட்டர் என்று வைத்ததும் இதனால்தான். அந்த அளவில் ஒரு கல் 14 முதல் 15 கிலோ, ஒருவரே பத்திரமாகத் தூக்கலாம். 600 சதுரம் என்றால் 29 கிலோ.

உரிமம் பெற்ற குழாய்க்காரர் வந்து மேன்ஹோலின் கழுத்தைப் புதிய மட்டத்துக்கு இறக்கினார். மேலே குழிவான மூடி வைத்து, அந்தக் குழிவிலேயே கல்லைப் பதித்தோம். தளத்தின் ஓட்டம் கெடவில்லை, தேவைப்படும்போது திறக்கலாம்.

கல் அறுத்தது எல்லாம் தண்ணீர் விட்டுத்தான், முகக்கவசத்தோடு. கருங்கல் தூசியில் சிலிக்கா இருக்கிறது, அது நுரையீரலை விட்டுப் போகாது. இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

டிசம்பரில் வடகிழக்குப் பருவமழை இறங்கியது. தோண்டிய பரப்பு இரண்டு நாளில் சேறாகிவிட்டது. ஈரக்களிமண்ணை அழுத்தினால் கெட்டிப்படாது, ரப்பர்போல நெளியும். ஒன்பது நாள் வேலையை நிறுத்தி, மேலே தார்ப்பாய் கட்டி, நெளிந்த மண்ணை அள்ளிவிட்டுச் சல்லி நிரப்பினோம். நிறுத்தியது சரியான முடிவு. ஆனால் இழந்த நாட்களைப் பிடிக்கப் பிறகு அவசரப்பட்டேன்.

இடது சுவரோரம் கூரைக்குழாய்க்கு வெட்டிய வாய்க்காலை மூடும்போது, 10 சென்டிமீட்டர் அடுக்கடுக்காகப் போட்டு அழுத்துவதற்குப் பதில் ஒரே வாக்கில் நிரப்பிவிட்டோம். அதிர்வு இயந்திரம் சுவரை ஒட்டிப் போகாது. அங்கே கையால் இடித்து அழுத்தும் திமிசுதான். புதுக்கோட்டைப் பக்கத்துத் தொழிலாளி ஒருவர், என்னைவிட இருபது வயது இளையவர், சொன்னார்: “அண்ணே, செவுத்தோரம் இன்னும் அமுங்கல. எடுத்துட்டு மறுபடி போடலாமா?” பொங்கலுக்கு ஒன்பது நாள் இருந்தது. “போதும் தம்பி, கல்லைப் போடுங்க” என்றேன்.

பொங்கலுக்கு மூன்று நாள் முன்பு வேலை முடிந்தது. தாயார் மறுபடியும் செம்பைக் கொண்டுவந்து வாசலருகே ஊற்றினார். தண்ணீர் அவருடைய காலிலிருந்து விலகிப் பாதிதூரம் ஓடுவதற்குள் இணைப்புகளில் இறங்கிப்போனது. அவர் ஒன்றும் சொல்லாமல் இரண்டாவது செம்பையும் ஊற்றிப் பார்த்தார்.

முடிந்த பின் நடந்தவை

முதல் மூன்று மாதங்களில் குறை என்று வந்தது ஒன்றுதான். இணைப்புகளில் நிரப்பிய பொடிச்சல்லி வெறுங்காலில் ஒட்டிச் சமையலறைக்குள் வந்தது. வாசலை ஒட்டிய இரண்டு வரிசைகளில் மட்டும் சல்லியை எடுத்துவிட்டு, தண்ணீரைக் கீழே இறங்கவிடும் பிசின் கலவையால் இணைப்பை நிரப்பினோம்.

ஏப்ரலில் மகன் ஒரு படம் அனுப்பினார். பின்சுவரோரக் குழாயின் கடைசியில் நான் வைத்திருந்த வண்டல் குழிக்குள் கொசுப்புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன.

இது என் வடிவமைப்பின் நேரடித் தவறு. வண்டல் குழியின் அடியை வெளியேறும் குழாயைவிடத் தாழ்வாக வைப்பது, அங்கே மண் தங்குவதற்கு. நான் படித்துப் பழகிய வரைபடங்கள் எல்லாம் குளிர்நாட்டுப் பழக்கத்தில் வந்தவை. அங்கே பயப்படுவது உறைபனிக்கு. குழியடியில் நிற்கும் 7 சென்டிமீட்டர் தண்ணீர் அங்கே யாருக்கும் தொல்லையில்லை. இங்கே ஏடிஸ் கொசுவுக்கு 20 காசு நாணய அளவுத் தண்ணீரே போதும், முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள். டெங்கியைப் பற்றி இவ்வளவு தெரிந்த ஊரில், தேங்கும் தண்ணீரை ஒழிக்கவே தொடங்கிய வேலையில், ஒரு மூடிக்குக் கீழே நானே தண்ணீரைத் தேக்கி வைத்திருக்கிறேன். பிள்ளைகள் இருக்கும் வீடு. அன்று மாலையே போய்க் குழியைக் காலிசெய்தோம். அடியில் கலவை நிரப்பி, வெளியேறும் குழாயின் மட்டத்துக்கு உயர்த்தி, அதை நோக்கி வாட்டம் கொடுத்தோம். மண் இனிக் குழியில் தங்காது, குழாயை ஆண்டுக்கு இருமுறை தண்ணீர் பாய்ச்சிக் கழுவ வேண்டும். அந்தச் சிரமத்தை ஏற்றுக்கொண்டோம்.

மே மாதம் இடது சுவரோரம் ஆறு கற்கள் தாழ்ந்தன, அதிகபட்சம் 9 மில்லிமீட்டர். அந்தத் தொழிலாளி கை காட்டிய அதே இடம். தாயாரின் கைத்தடி நுனி அந்த விளிம்பில் தட்டியது, அவர் தடுமாறவில்லை. காலையில் ஆறு கல்லையும் பெயர்த்து, வாய்க்காலை அடிவரை அள்ளி, அடுக்கடுக்காகத் திமிசு போட்டு, மாலைக்குள் திரும்பப் பதித்தோம். ஒரு கல்கூட உடையவில்லை. கான்கிரீட்டை விட்டுச் சல்லியைத் தேர்ந்ததற்குக் கிடைத்த பலன் இது. ஆனால் அந்த வேலையே வந்திருக்க வேண்டியதில்லை. அதே தொழிலாளியை அழைத்து அவரிடமே அந்தப் பகுதியைக் கொடுத்தேன். அவர் சொன்னதைக் கேட்காதது என் தவறு என்றும் சொன்னேன்.

பாசி முழுவதும் போய்விடவில்லை. கறிவேப்பிலை நிழலில் மெல்லிய பச்சை படரும், தேய்ப்பான் போட்டு வெறும் தண்ணீரில் தேய்த்தால் போகிறது. உயர் அழுத்தத் தண்ணீர் அடிக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன், இணைப்புச் சல்லி பறந்துவிடும். பளபளப்புப் பூச்சும் பூசவில்லை, ஈரத்தை உள்ளே அடைத்து அதுவே வெளுக்கும்.

அடுத்த முறை மாற்றுபவை

வேலையைப் பிப்ரவரி கடைசிக்கு முன் தொடங்க ஒப்பமாட்டேன். பொங்கலுக்குத்தான் வேண்டும் என்றால், முந்தைய ஆகஸ்டுக்குள் முடிக்கும்படி பேசுவேன். இந்த முறை நாளைக் குடும்பம் குறித்தது உண்மை, ஆனால் மழையைப் பற்றி அவர்களுக்கு எடுத்துச் சொல்வது என் பொறுப்பு.

குழாய் வாய்க்கால்களை மூடும்போது ஒவ்வொரு அடுக்கையும் படம் எடுத்துவைப்பேன். அழுத்தும் கருவியைக் கையில் பிடித்திருப்பவர் “இன்னும் அமுங்கல” என்றால் அங்கே கல் ஏறாது. நாள் எத்தனை இருந்தாலும் சரி.

தண்ணீர் நிற்கும் குழி எதுவும் என் வரைபடத்தில் இனி இல்லை. வேலை முடிந்ததும் ஒரு வாரம் கழித்து எல்லா மூடிகளையும் திறந்து பார்க்கும் ஒரு வருகையை ஒப்பந்தத்திலேயே சேர்த்துவிட்டேன்.

குழாய்கள் போகும் வழியை அளவோடு வரைந்து சமையலறை அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டியிருக்கிறோம். இதை இந்த வீட்டில் கடைசி நாளில்தான் செய்தேன், முதல் நாளிலேயே தொடங்கியிருக்கலாம்.

கறிவேப்பிலை மரத்தைப் பற்றி மட்டும் முடிவு பாக்கி. அதன் வேர்க்கன்றுகள் கல் இணைப்புகளில் முளைக்கத் தொடங்கியிருக்கின்றன. தாயார் அவற்றைப் பிடுங்கித் தொட்டியில் வைத்து அண்டை வீடுகளுக்குக் கொடுத்துவிடுகிறார். மரத்தடியில் வேர் தடித்து மூன்று கற்கள் லேசாக எழும்பியிருக்கின்றன. மரத்தை வெட்டுவதில்லை என்பதில் வீட்டில் எல்லோரும் ஒன்று. மழை ஓய்ந்த பின், மார்ச்சில், அந்த மூன்று கல்லை எடுத்து வேருக்கு இடம் விட்டு வளைத்துப் பதிக்க நாள் குறித்திருக்கிறோம்.